ஒரு கட்சியின் கொள்கை அரசாணையாகும்போது மலையில் என்ன மாறும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்சிக்கு வரும் ஒவ்வொரு கட்சியும் ஒரு கொள்கைத் திட்டத்தோடுதான் வருகிறது. அது அரசு இயந்திரத்தையும் நம் உரிமைகளையும் எந்த வழியில் மாற்றும், எங்கே அது தடைபடும், நாம் எப்போது வாய் திறக்க வேண்டும்? நீலகிரியில், குறிப்பாகக் கூடலூர், பந்தலூர் பக்கம், திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம். கொடைக்கானல், பழனி மலைப் பகுதிக்கும் பெரும்பாலானவை பொருந்தும்; வேறுபடும் இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

தேர்தல் அறிக்கையில் சொன்னதைச் செய்யாவிட்டால் வழக்குப் போடலாமா?

முடியாது. இலவசப் பொருள் வாக்குறுதிகள் குறித்துத் தமிழ்நாட்டிலிருந்து போன சுப்ரமணியம் பாலாஜி வழக்கில், தேர்தல் அறிக்கை வாக்குறுதி முறைகேடான தேர்தல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழிகாட்டு நெறிகளை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்கும் உத்தரவிட்டது. அதன்படி, வாக்குறுதிக்கான காரணத்தையும் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் அறிக்கையில் ஓரளவுக்காவது சொல்ல வேண்டும். நிறைவேற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். அறிக்கையில் ஒரு வரிகூட இல்லாத மாற்றத்தை ஆட்சிக்கு வந்தபின் செய்யவும் தடை கிடையாது. அதனால் தேர்தல் அறிக்கையை மட்டும் படித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது.

அப்படியானால் ஒரு கொள்கை எந்த வழியாக நம் வாசலுக்கு வருகிறது?

ஐந்து வழிகள் உண்டு. மேலே இருப்பது கடினம். கீழே போகப்போக எளிது, வேகம் கூடும், சத்தம் குறையும்.

உச்சியில் அரசமைப்புத் திருத்தம். 368வது பிரிவின்படி ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். சிலவற்றுக்குப் பாதி மாநிலங்களின் ஒப்புதலும் தேவை. அடுத்தது சாதாரணச் சட்டம்: வந்து வாக்களிப்போரில் பெரும்பான்மை போதும். கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985ல் வந்தபின், கொறடா உத்தரவை மீறும் உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும் என்பதால், ஆளும் கட்சிக்கு எண்ணிக்கை இருந்தால் மசோதா பெரும்பாலும் நிறைவேறிவிடும். மூன்றாவது அவசரச் சட்டம். அவை கூடாத நாட்களில் வரும்; அவை மீண்டும் கூடிய 6 வாரத்துக்குள் ஒப்புதல் பெறாவிட்டால் காலாவதியாகும்.

நான்காவது விதிகள். சட்டத்தின் கீழ் அமைச்சகமே எழுதி அரசிதழில் வெளியிடுவது. ஐந்தாவது சுற்றறிக்கையும் அரசாணையும். ஒரு கையெழுத்தில் வரும், ஒரு கையெழுத்தில் போகும்.

மலை மக்களின் வாழ்க்கையை அதிகம் புரட்டிப்போட்டவை கடைசி இரண்டும்தான். சட்டமன்றத்தில், நாடாளுமன்றத்தில் நடப்பதைத் தொலைக்காட்சி காட்டுகிறது. விதி மாறும் நாளில் யாரும் காட்டுவதில்லை.

சட்டம் அப்படியே இருக்க, விதி மட்டும் மாறினால் உரிமை போய்விடுமா?

ஏட்டில் இருக்கும்; கைக்கு வருவது தாமதமாகும், சில சமயம் காலம் கடந்துபோகும். ஓர் உதாரணத்தை விவரமாகவே பார்க்கலாம்.

வன உரிமைச் சட்டம் 2006ல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சியில் நிறைவேறியது. 2007 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 4(5) பிரிவு, உரிமையைச் சரிபார்த்து முடிக்கும்வரை வனத்தில் வாழ்பவரை வெளியேற்றக் கூடாது என்கிறது. இதையொட்டி 2009 ஆகஸ்டில் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது: வன நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற விண்ணப்பிக்கும்போது, அங்குள்ள கிராம சபைகளின் சம்மதக் கடிதமும் கூடவே வர வேண்டும். அதாவது முதலில் கிராம சபை, பிறகுதான் டெல்லி.

2022 ஜூனில் தேசிய ஜனநாயகக் கூட்டணி அரசு புதிய வனப் பாதுகாப்பு விதிகளை அறிவித்தது. மத்திய அரசு இறுதி ஒப்புதல் தந்தபிறகு, நிலத்தை ஒப்படைக்கும் முன் வன உரிமைச் சட்டம் பின்பற்றப்படுவதை மாநில அரசு உறுதி செய்துகொள்ளலாம் என்று வரிசை மாறியது. வன உரிமைச் சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் டெல்லி ஒப்புதல் தந்து, பணம் கட்டி, ஒப்பந்தமும் போட்டபின் கிராம சபையிடம் கேட்டால், அந்தச் சபை ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கு எவ்வளவு மதிப்பு இருக்கும்? வரிசையை மாற்றுவதும் உரிமையை மாற்றுவதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இங்கே 2009 சுற்றறிக்கையின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். கிராம சபை சம்மதத்தை அன்றைய அரசு சட்டத்திலேயே எழுதியிருந்தால், அடுத்த அரசு அதை மாற்ற நாடாளுமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும். எந்தக் கட்சி உங்களுக்கு ஒரு நன்மையைச் சுற்றறிக்கையில் தந்தாலும், ‘இதைச் சட்டத்தில் எப்போது எழுதுவீர்கள்?’ என்று அன்றே கேளுங்கள்.

பெரும்பான்மை இருந்தால் அடிப்படை உரிமையையே நீக்கிவிடலாமா?

இந்தக் கேள்விக்கு நாட்டுக்கே விடை வாங்கித் தந்த ஊர்களில் கூடலூரும் ஒன்று.

நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்மம் (பரம்பரை நில உடைமை) நிலங்களை அரசு எடுத்துக்கொள்வதற்காக, தி.மு.க. ஆட்சியில் 1969ல் கூடலூர் ஜென்மம் ஒழிப்புச் சட்டம் வந்தது. நில உடைமையை மாற்றி அமைப்பது அன்றைய கட்சிக் கொள்கை. பால்மாடீஸ் தோட்ட வழக்கில் 1972ல் உச்ச நீதிமன்றம், காடுகளை அரசிடம் சேர்க்கும் பகுதி மட்டும் விவசாயச் சீர்திருத்தம் ஆகாது என்று அதை ரத்து செய்தது. உடனே 1974ல் 34வது திருத்தம் மூலம் சட்டம் முழுவதையும் அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தார்கள். அந்த அட்டவணையில் இருக்கும் சட்டத்தை, அடிப்படை உரிமையை மீறுகிறது என்று சொல்லி ரத்து செய்ய முடியாது என்பது 31பி பிரிவின் ஏற்பாடு. சுருக்கமாகச் சொன்னால், நீதிமன்றம் ரத்து செய்ததை நாடாளுமன்றம் பூட்டிப் பத்திரப்படுத்தியது.

அதை எதிர்த்துப் போனதுதான் ஐ.ஆர்.கொய்லோ வழக்கு. 2007 ஜனவரி 11 அன்று 9 நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்புச் சொன்னார்கள்: 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு ஒன்பதாவது அட்டவணைக்குப் போன எந்தச் சட்டமும் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கலாம். அந்த ஏப்ரல் 24தான், அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் சிதைக்க முடியாது என்று சொன்ன கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த நாள்.

எனவே பதில் இதுதான். அடிப்படை உரிமையைத் திருத்த முடியும். 1977ல் வந்த ஜனதா அரசு 44வது திருத்தத்தால் சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்தே எடுத்தது. இன்று அது 300ஏ பிரிவின் கீழ், அடிப்படை உரிமை அல்லாத அரசமைப்பு உரிமை. ஆனால் சமத்துவம், நீதிமன்றத்தின் ஆய்வு அதிகாரம் போன்ற அடித்தளத்தைத் தகர்க்க எத்தனை உறுப்பினர்கள் இருந்தாலும் முடியாது.

1976ல் நடந்தது இன்றும் நம்மைப் பாதிக்கிறது என்கிறார்களே?

ஆமாம். அதுவரை காடு மாநிலப் பட்டியலில் இருந்தது. நெருக்கடி நிலையின்போது வந்த 42வது திருத்தம் காட்டையும் வன விலங்குப் பாதுகாப்பையும், மத்திய அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அந்தத் திருத்தத்தின் பல பகுதிகளை ஜனதா அரசு திரும்பப் பெற்றது, இதை விட்டுவிட்டது. 1980ன் வனப் பாதுகாப்புச் சட்டத்தை மத்திய அரசு இயற்ற வழி திறந்தது அப்படித்தான். இன்று உங்கள் ஊர்ச் சாலை வனத் துறை நிலத்தில் போனால், கோப்பு சென்னையோடு நிற்காமல் அதற்கு மேலும் போவது இதனால்தான்.

கோதவர்மன் வழக்கு, 2023 திருத்தம் என்று பேசுகிறார்கள். நமக்கு என்ன தொடர்பு?

நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு 1995ல் தொடுத்த வழக்கு, கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுவதைப் பற்றியதுதான். 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், நிலம் யார் பெயரில் இருந்தாலும் அகராதிப் பொருளில் காடாக இருந்தால் அது காடே என்றது. 1980ன் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வந்த 2023 திருத்தம் இதைச் சுருக்கியது: காடாக அறிவிக்கப்பட்டவை, 1980 அக்டோபர் 25 முதல் அரசு ஆவணத்தில் காடாகப் பதிவானவை ஆகியவற்றுக்கே சட்டம் பொருந்தும். வனவிலங்குப் பூங்கா, சஃபாரி, சூழல் சுற்றுலா வசதிகளுக்கும் விலக்குத் தந்தது. 2024 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம், மறு உத்தரவு வரும்வரை 1996ன் பொருளையே பின்பற்றும்படி இடைக்கால உத்தரவிட்டது.

எல்லையிலிருந்து 100 கிலோமீட்டர் வரை விலக்கு என்று படித்திருப்பீர்கள். அது பன்னாட்டு எல்லை. கேரள, கர்நாடக எல்லைக்கு அது பொருந்தாது.

செக்சன் 17 நிலத்தில் இருக்கிறோம். ‘நாங்கள் வந்தால் பட்டா’ என்று ஒவ்வொரு தேர்தலிலும் சொல்கிறார்களே, நடக்குமா?

ஜென்மம் சட்டத்தின் 17வது பிரிவு, ஜென்மிகள் (ஜென்மம் நில உடைமையாளர்கள்) தோட்டங்களுக்குக் கொடுத்த குத்தகை நிலத்தைப் பற்றியது. அந்த நிலங்களில்தான் பல்லாயிரம் குடும்பங்கள் குடியேறியிருக்கின்றன. மின் இணைப்புக் கிடைப்பதே பெரும்பாடு. இந்த வேதனை எங்களுக்குத் தெரியும். அதனால்தான் உள்ளதை உள்ளபடி சொல்கிறோம். இந்த நிலத்தின் பெரும்பகுதி காட்டின் தன்மை கொண்டது என்று சொல்லப்பட்டுக்கொண்டிருக்கும்வரை, மாநில அரசு மட்டும் கையெழுத்துப் போட்டுப் பட்டா தர முடியாது. மத்திய அனுமதியும் நீதிமன்றமும் குறுக்கே நிற்கும்.

வாக்குக் கேட்டு வருபவரிடம் மூன்றைக் கேளுங்கள். எந்தப் புல எண்கள்? அவை அரசு ஆவணத்தில் இன்று எப்படிப் பதிவாகியுள்ளன? மத்திய அனுமதிக்கு யார், எப்போது விண்ணப்பிப்பார்கள்? பதில் இல்லையென்றால் அது வெறும் மேடைப் பேச்சு.

பழங்குடியினரும், மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகளாக வனத்தை நம்பி வாழ்ந்ததை நிரூபிக்க முடிந்த பிறரும் வன உரிமைச் சட்டத்தில் தனியாக விண்ணப்பிக்கலாம். 2005 டிசம்பர் 13 அன்று நிலம் அவர்கள் அனுபவத்தில் இருந்திருக்க வேண்டும். உச்ச வரம்பு 4 ஹெக்டேர். கிடைக்கும் உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்கும். வாரிசுக்குப் போகும், விற்க முடியாது.

நீலகிரியில் பெசா சட்டம் உண்டா?

இல்லை. கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் அந்தச் சட்டம், அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளுக்கானது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதியும் அறிவிக்கப்படவில்லை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு தொன்மைப் பழங்குடிகள் வாழும் மாவட்டத்துக்கு இது பெரிய குறை. இங்கே கையில் இருக்கும் கருவி வன உரிமைச் சட்டத்தின் கிராம சபைதான்.

அமெரிக்காவின் ‘ப்ராஜெக்ட் 2025’ போல ஒன்று இங்கே வருமா?

அது ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023 ஏப்ரலில் வெளியிட்ட 900 பக்கத்துக்கு மேற்பட்ட திட்டம். அடுத்து வரும் குடியரசுக் கட்சி அதிபர் எந்தத் துறையில் என்ன செய்ய வேண்டும் என்று துறை துறையாக எழுதியிருந்தார்கள். அதன் மையங்களில் ஒன்று அதிகாரிகள். அங்கே புதிய அதிபர் நியமிக்கும் அரசியல் பதவிகள் ஏறக்குறைய 4,000. கொள்கை சார்ந்த நிரந்தரப் பணியாளர்களின் பணிப் பாதுகாப்பையும் நீக்குவது நோக்கம். அப்படி ஓர் ஆணை 2020 அக்டோபரிலேயே வந்தது, 2021ல் ரத்தானது, 2025 ஜனவரி 20 அன்று மீண்டும் வந்தது.

இங்கே 311வது பிரிவு, விசாரணை இல்லாமல் அரசு ஊழியரைப் பணிநீக்கம் செய்வதைத் தடுக்கிறது. ஆகவே வழி வேறு: இடமாற்றம், பதவிக்காலம். தகவல் ஆணையர்களின் பதவிக்காலம் 5 ஆண்டு என்று தகவல் உரிமைச் சட்டத்திலேயே இருந்தது. 2019 திருத்தம், அதை மத்திய அரசு முடிவு செய்யும் என்று மாற்றியது; விதி வந்தபோது 3 ஆண்டானது. அரசிடமிருந்து தகவல் வாங்கித் தர வேண்டியவரின் பதவிக்காலம் அரசின் கையில்.

எஸ்டேட் தொழிலாளர்களுக்கு என்ன மாறியது?

லயன் வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் 1951ன் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் வந்தவை. 2020ல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதைத் தன்னுள் இழுத்துக்கொண்டது. ஆனால் இது உட்பட நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21 அன்றுதான். வீட்டுக்கு என்ன அளவு, மருத்துவத்துக்கு என்ன தரம் என்பதையெல்லாம் மாநில அரசின் விதிகளுக்கு விட்டிருக்கிறார்கள். தொழிற்சங்கங்கள் தங்கள் முழுக் கவனத்தையும் அந்த விதிகளின் மேல் வைக்க வேண்டும்.

வரைவு அறிவிப்பு வந்தால் என்ன செய்வது?

முதலில் அரசிதழில் வந்த தேதியைக் குறியுங்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி வரும் வரைவுகளுக்கு, சூழல் கூர் உணர்வு மண்டல (சரணாலயம், தேசியப் பூங்காவைச் சுற்றிய கட்டுப்பாட்டுப் பகுதி) அறிவிப்பு உட்பட, ஆட்சேபம் சொல்ல 60 நாள். மத்திய அரசின் பிற வரைவுச் சட்டங்களுக்கு 2014ன் கொள்கைப்படி குறைந்தது 30 நாள்; இது சட்டமல்ல, பல முறை மீறப்படுகிறது.

தமிழில் இல்லை என்றால் அதையே முதல் ஆட்சேபமாக எழுதுங்கள். 2020ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் பெயர்க்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, கால அவகாசத்தையும் நீட்டித்தது.

ஒரே கடிதத்தை நகலெடுத்து ஆயிரம் பேர் அனுப்பினால் அதை ஒரே ஆட்சேபமாக எண்ணிவிடும் அபாயம் உண்டு. பத்தி எண், அந்தப் பத்தி உங்கள் ஊரில் எந்தப் பாதையை, எந்த மேய்ச்சல் நிலத்தை, எந்தத் தண்ணீரைத் தொடுகிறது, அதற்குப் பதிலாக என்ன வாசகம் வேண்டும்: இந்த மூன்றும் இருக்கும் ஒரு பக்கக் கடிதம் போதும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கிராம சபைத் தீர்மானம் எங்கே கோட்டை விடுகிறது?

பெரும்பாலும் எண்ணிக்கையில். வன உரிமைச் சட்டத்தின் கிராம சபைக்கு, ஊரின் வயது வந்தோரில் பாதிப் பேர் வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வயது வந்தோர் 120 பேர் உள்ள குடியிருப்பில் குறைந்தது 60 பேர், அதில் 20 பெண்கள். 58 கையெழுத்தோடு போன தீர்மானம் திரும்பி வரும். பச்சைத் தேயிலை பறிக்கும் நாளில், தேன் எடுக்கும் பருவத்தில் கூட்டம் வைத்தால் இந்த எண்ணிக்கை வராது. மாலை நேரத்தில் வையுங்கள்.

இரண்டாவது தவறு, ஊராட்சியின் கிராம சபையை இதோடு குழப்புவது. பல ஊர்கள் சேர்ந்த ஊராட்சிக் கூட்டத்தில் ஒரு பாடியின் (பழங்குடிக் குடியிருப்பின்) குரல் அமுங்கிப்போகும். குடியிருப்பு அளவிலேயே கூட்ட வேண்டும் என்பது பழங்குடியினர் நல அமைச்சகத்தின் 2012 வழிகாட்டுதல். ஓவேலி போன்ற பேரூராட்சிகளில் ஊராட்சிக் கிராம சபையே இல்லை என்பதால் இது இன்னும் முக்கியம்.

மூன்றாவது, வாசகம். ‘மக்கள் எதிர்ப்புத் தெரிவிக்கிறார்கள்’ என்ற ஒரு வரியை எந்த அலுவலகமும் எளிதாக ஒதுக்கிவிடும். தீர்மானப் புத்தகத்தில் இப்படி எழுதுங்கள்: ‘இன்ன தேதி, இன்ன குடியிருப்பு, மொத்தம் 120, வந்தவர் 67, பெண்கள் 31. கிழக்கே ஓடை, மேற்கே அடக்க நிலம், தெற்கே தேன் மரங்கள் உள்ள பாறை, வடக்கே பழைய சாலை எல்லையாக உள்ள காட்டின் மேல் 3(1)(i) பிரிவின்படி எங்களுக்குள்ள சமூக வன வள உரிமைக்குப் படிவம் ‘சி’யில் விண்ணப்பித்துள்ளோம். அது முடியும்வரை இந்நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றச் சம்மதம் இல்லை.’ இடையில் வெற்று வரி விடாதீர்கள். பிறகு யாராவது எதையாவது சேர்க்க அது இடம் தரும். கைரேகை வைப்பவரின் பெயரைப் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள்.

கள ஆய்வுக்கு வனத் துறையினர் வரவில்லை. வன உரிமை மனு நின்றுபோகுமா?

போகாது. தகவல் கொடுத்தும் வராமல், பிறகு ஆட்சேபம் சொன்னால், மறு ஆய்வுக்கு உத்தரவிடலாம். அதற்கும் வராவிட்டால் கள ஆய்வு பற்றிய கிராம சபை முடிவே இறுதி. 2012ல் சேர்த்த 12ஏ விதி இதைச் சொல்கிறது. முன்கூட்டி எழுத்தில் தகவல் கொடுத்து ஒப்புகை வாங்கியிருந்தால்தான் இது செல்லும். செயற்கைக்கோள் படம் மட்டும் போதாது, அது இல்லையென்றும் மறுக்கக் கூடாது. அடக்க இடம், பழைய கிணறு, மண் அணைத்த வரப்பு, மனுதாரர் அல்லாத பெரியவரின் எழுத்து வாக்குமூலம் எல்லாம் சான்றுதான். குறைந்தது இரண்டு வகை வையுங்கள்.

மனுவை நிராகரித்துவிட்டார்கள். வெளியேற வேண்டுமா?

உடனே வேண்டாம். 2019 பிப்ரவரி 13 அன்று, நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே மாதம் 28ஆம் தேதி அதுவே நிறுத்திவைத்தது. காரணத்தை எழுதி உங்கள் கையில் தராத நிராகரிப்பு முறையானது அல்ல. கிராம சபை மறுத்தால் கோட்ட அளவிலான குழுவுக்கும், அது மறுத்தால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் 30 நாள் கூடுதலாகத் தரலாம்.

காரணம் எழுத்தில் வரவில்லை என்றால் தகவல் உரிமை மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு இல்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன்பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். ‘ஏன் மறுத்தீர்கள்?’ என்று கேட்காதீர்கள். ‘இன்ன எண் மனுவின் மேல் எழுதிய குறிப்புகள், கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, கள ஆய்வு அறிக்கை ஆகியவற்றின் நகல்’ என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

வழக்குக்குப் பணம் இல்லையே?

பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. உதகையில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். தொலைபேசி எண் 15100. நீலகிரி வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும், கொடைக்கானல் வழக்குகள் அதன் மதுரைக் கிளைக்கும் போகும். போகும்போது தீர்மானப் புத்தகத்தின் நகல், தபால் ரசீதுகள், நிராகரிப்புக் கடிதம் மூன்றையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.